தெரியாத அருவி யாருக்குத் தெரியாது?
வாசகர் கேள்வி – பதில்

கொல்லிமலைப் படிகளைப் பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் முக்கால்வாசி அருவி, காட்டுப் பாதை, அட்டைக்கடி. சரி, இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை. கூடாரம், சமையல் அடுப்பு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, குற்றாலம், ஒகேனக்கல், கும்பக்கரை எல்லாம் பார்த்தாச்சு. எங்கே போனாலும் தலைக்கு மேல் தலை. யாருக்குமே தெரியாத ஓர் அருவி சொல்லுங்கள், காட்டுக்குள் நடந்து போகிற மாதிரி.
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, யாருக்கும் தெரியாத என்றால் யாருக்கு? வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற பஸ்ஸில் டம்டம் பாறை வந்ததும் ஜன்னலோரம் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். எதிர்மலையில் வேட்டி மாதிரி வெள்ளையாக ஒன்று தொங்கும், அதுதான் தலையாறு அருவி. எலிவால் என்றும் சொல்வார்கள். 297 மீட்டர், தமிழ்நாட்டில் இதைவிட உயரமான அருவி கிடையாது. பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் தெரிந்த அருவி, ஆனால் அதன் அடியில் போய் நின்றவர் யார் என்று கேட்டால் பஸ்ஸில் ஒரு கை உயராது, ஏனென்றால் அங்கே ரோடு போகவில்லை. இதைத் தெரிந்த அருவி என்பதா, தெரியாத அருவி என்பதா?

அதே மலையில் தேன் எடுக்கப் போகிற பளியர் பழங்குடியினருக்கு அந்த அருவியின் அடியும் நுனியும் தெரியும், எந்த மாதம் எந்தப் பாறை வழுக்கும் என்பதும் தெரியும். நாம் தெரியாத அருவி என்று சொல்வதெல்லாம் நமக்குத் தெரியாத அருவி, அவ்வளவுதான். இதை உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்: அருவியைத் தேடாதீர்கள், அருவி தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

பெயர் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். கல்வராயன் மலையில் மேகம் அருவி, கவியம் அருவி. பச்சைமலையில் கோரையாறு, மங்களம். தேனிப் பக்கம் கோம்பைத்தொழுவுக்கு மேலே சின்னச்சுருளி. குமரி மாவட்டத்தில் அழகியபாண்டியபுரம் பக்கம் உலக்கை அருவி. இவற்றில் சிலவற்றுக்குக் கிட்டே வரை வண்டி போகும், சிலவற்றுக்கு நடைதான். எந்தப் பருவத்தில் எது திறந்திருக்கிறது, எதற்குத் தடை என்பதை அந்தந்த வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், ஒரு மழைக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். மேப்பில் அருவி என்று ஒரு புள்ளி இருக்கும், அந்தப் புள்ளி அருவியின் தலையிலா காலிலா என்பதை அது சொல்லாது. புள்ளியை நம்பி நடந்து போனால் பல நேரம் அருவி விழுகிற விளிம்பில்தான் போய் நிற்பீர்கள், அங்கே பாறை தட்டையாக, பார்க்க உட்காரச் சொல்கிற மாதிரி இருக்கும், மேலே பாசி படிந்திருக்கும். தாண்டிக்குடி மலையில் புல்லாவெளி அருவியில் 2022 ஆகஸ்டில் ஓர் இளைஞர் அப்படி ஒரு பாறையில் நின்று வீடியோவுக்கு நிற்கும்போதுதான் வழுக்கி விழுந்தார். விளிம்புக்குப் போகாதீர்கள், அவ்வளவுதான். மேலேயிருந்து பார்த்தால் அருவி தெரியவும் தெரியாது, எதற்கு அங்கே?

கேள்வி: மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு. அப்போது காட்டு அருவிக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, சென்னை

போகலாம், பாறையைப் பார்த்துவிட்டு வரலாம். நம் பள்ளிக்கூட லீவுக்கும் அருவிகளின் காலண்டருக்கும் சம்பந்தமே இல்லை.

குற்றாலத்துக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொண்டு கேரளத்திலேயே கொட்ட வைக்கிறது, மலைக்கு இந்தப் பக்கம் நமக்குக் காய்ந்த காற்றுதான். ஆனால் செங்கோட்டை, ஆரியங்காவுப் பக்கம் மலையில் ஒரு கணவாய் இருக்கிறது, அதன் வழியாகக் காற்றும் மேகமும் நுழைந்து தென்காசி வரை சாரல் தூவுகிறது. அந்தச் சந்து இல்லையென்றால் குற்றாலத்தில் சீசனும் இல்லை, ரோட்டோரம் ரம்புட்டான் விற்பவர்களும் இல்லை.

இந்தக் கொடுப்பினை எல்லா மலைக்கும் கிடையாது. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, பழநி மலையின் கிழக்குச் சரிவு எல்லாம் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. ஆனால் மழை கொட்டும்போது போகக்கூடாது, மழை ஓய்ந்த பிறகு போக வேண்டும். என் கணக்கில் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் நல்ல நேரம். வானம் வெளுத்திருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். மழை நின்ற பிறகும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், உச்சியில் இருக்கிற புல்வெளியும் சோலைக்காடும்தான் பதில். பெய்த மழையை அப்படியே உருட்டி விட்டுவிடாமல் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. மேலே சோலை நன்றாக இருக்கிற ஓடையில் பங்குனியிலும் தண்ணீர் இருக்கும். சோலை போன ஓடை மழையன்று உறுமிவிட்டு மறுவாரமே வற்றிவிடும். அருவியை வைத்தே மேலே காடு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்று மலையேற்றத்தை வழக்கமாக நிறுத்திவிடுவார்கள். மே மாதம் திறந்திருந்தாலும் கோடை மழையை நம்ப முடியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சீசன் தொடங்காத மாதம் அது.

கேள்வி: மழையே இல்லாமல் வெள்ளம் எப்படி வருகிறது? முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், விருதுநகர்

மழை இல்லாமல் வராது. உங்கள் தலைக்கு மேல் மழை இல்லை, மலைத்தலையில் இருக்கிறது, அதுதான் விஷயம். நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடிக்கும், மூன்று நாலு கிலோமீட்டர் மேலே ஒரு கருமேகம் ஒரு மணி நேரம் கொட்டியிருக்கும், அத்தனை சரிவிலும் விழுந்த தண்ணீர் ஒரே ஒரு குறுகலான பள்ளத்துக்குள் சேர்ந்து உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும். சுற்றிலும் மரம், மேலே நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அருவிச் சத்தத்தில் இடியும் கேட்காது.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. கல்வராயன் பக்கம் ஓர் ஓடை, எனக்கு இருபத்து நாலு வயது, நாலு பேர் போயிருந்தோம். வழிகாட்டி யாரும் இல்லை, நாங்களே பெரிய ஆள் என்ற நினைப்பு. ஓடை நடுவில் ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் "ஏறுங்கடா, ஏறுங்கடா" என்று கத்தினார். எங்களைத் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் சிரித்தான். அவர் கையில் இருந்த கம்பால் தண்ணீரைக் காட்டினார். தண்ணீர் டீ மாதிரி ஆகியிருந்தது. நாங்கள் பொட்டலத்தை விட்டுவிட்டு ஏறினோம். இரண்டு நிமிடம் இருக்கும், மூன்று இருக்குமோ, அந்தப் பாறை தண்ணீருக்குள் போய்விட்டது. என் செருப்பும் போனது. அந்தப் பெரியவர் எங்களிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த அலட்சியத்துக்கு நாங்கள் முழுத் தகுதி உள்ளவர்கள்.

அவர் பார்த்ததை நீங்களும் பார்க்கலாம். தண்ணீர் நிறம் மாறுவது முதல் அறிகுறி. சருகும் குச்சியும் திடீரென்று அதிகமாக மிதந்து வருவது அடுத்தது. சத்தம் கனப்பது, அதாவது இத்தனை நேரம் சலசலத்தது உறும ஆரம்பிப்பது. நான் இப்போதெல்லாம் இறங்கியதும் முதல் வேலையாகத் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிடுவேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை ஒரு பார்வை. கல் நனைந்தால் கிளம்பிவிட வேண்டியதுதான், இன்னும் ஒரு முழுக்கு என்றெல்லாம் கிடையாது. ஓடும்போது ஓடையை ஒட்டிக் கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகமாக ஓடும். பக்கவாட்டில், கரை மேட்டில் ஏறுங்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டால் அங்கேயே மேட்டில் உட்கார்ந்திருங்கள், இந்த வெள்ளம் பெரும்பாலும் வந்த வேகத்தில் வடிந்துவிடும், பொறுமை இல்லாமல் கடக்கப் போகிறவர்கள்தான் போகிறார்கள்.

குற்றாலம் மெயின் அருவியில் பொங்குமாங்கடல் என்று நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, மேலேயிருந்து வருகிற தண்ணீர் அதில் விழுந்து வேகம் தணிந்துதான் நம் தலையில் விழுகிறது. கீழே பாதுகாப்பு வளைவு இருக்கிறது, போலீஸ் இருக்கிறது, விசில் ஊதுகிறார்கள். காட்டு அருவியில் இந்த எல்லா வேலையையும் உங்கள் கண் ஒன்றே செய்ய வேண்டும்.

கேள்வி: காட்டுக்குள் நடக்க அனுமதி எதற்கு? ஊர்க்காரர்கள் தினமும் போய் வருகிறார்களே, அவர்களை மட்டும் யாரும் கேட்பதில்லையே?
– வாசகர், ஈரோடு

அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் நடக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் தலைமுறையாக வாழ்கிறவர்களுக்கு விளைபொருள் சேகரிக்கவும் இன்னும் சிலவற்றுக்கும் உரிமை தந்திருக்கிறது, எனக்கும் உங்களுக்கும் அது பொருந்தாது. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் குரங்கணி. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம், காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு விதிகள் கொண்டுவந்தது. யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதியிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்த ராத்திரிதான் எல்லோருக்கும் உறைத்தது.

அதனால் இப்போது நேர்வழி சுலபமாகவே இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கூட வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலை ஊர்க்காரர்கள், பழங்குடியினர். குற்றாலத்துக்கு மேலே செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. சித்ரா பௌர்ணமிக்கு அம்மன் கோயிலுக்கு ஜனம் ஏறுமே, அந்தப் பாதைதான். மெயின் அருவியில் துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு, அந்தத் தண்ணீர் மேலே இன்னோர் இடத்தில் ஒருமுறை விழுந்துவிட்டுத்தான் வருகிறது என்பதே தெரியாது. அதற்கும் மேலே தேனருவி இருக்கிறது, அங்கே போக ஆசைப்படாதீர்கள்.

கட்டணம் அதிகம் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் சில பாதைகளுக்கு அப்படித்தான் தோன்றுகிறது, குடும்பத்தோடு போனால் கையைக் கடிக்கும். ஆனால் அதற்காகத் திருட்டுத்தனமாக வேலி தாண்டுவதை இந்தப் பக்கத்தில் நான் சொல்லித்தர மாட்டேன்.

கேள்வி: அருவி என்றால் சின்னது, நீர்வீழ்ச்சி என்றால் பெரியது என்று என் மகன் சாதிக்கிறான். பள்ளியில் அப்படிச் சொன்னார்களாம். சரியா?
– வாசகர், மதுரை

இல்லை. மலையிலிருந்து விழுவது எல்லாமே அருவிதான், பெரியதும் சின்னதும். சங்கப் பாட்டில் குறிஞ்சி நிலம் வந்தால் கூடவே அருவியும் வந்துவிடும். நீர்வீழ்ச்சி என்பது ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் போட்டு நாம் பின்னால் செய்துகொண்டது. தப்பில்லை, செய்தித்தாளுக்குப் பழகிவிட்டது, ஆனால் மலைக்காரர் யாரும் நீர்வீழ்ச்சிக்குப் போய் வந்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் பெயர் வைத்திருக்கிற அழகைப் பாருங்கள்: தேனருவி, புலியருவி, ஐந்தாகப் பிரிந்து விழுந்தால் ஐந்தருவி, உலக்கையை நிறுத்தி வைத்த மாதிரி இருந்தால் உலக்கை அருவி, எலிவால் மாதிரி இருந்தால் எலிவால். ஒன்றுக்குக்கூட ராஜா, ஜமீன் பெயர் இல்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் இன்னொரு சொல்லைச் சொல்கிறேன், இது உயிரோடு சம்பந்தப்பட்டது. தென்மாவட்டங்களில் ஆற்றில் ஆழமான இடத்தைக் கசம் என்பார்கள். பழைய கயம்தான் கசம் ஆகியிருக்கிறது. கும்பக்கரையில் பாறையைத் தண்ணீர் குடைந்து குடைந்து உண்டாக்கின பள்ளங்களுக்கு யானைக் கசம், பாம்புக் கசம் என்றெல்லாம் பெயர் உண்டு. மேலே பார்த்தால் ஒரு சின்னத் தொட்டி மாதிரி இருக்கும், உள்ளே எவ்வளவு போகும், பக்கவாட்டில் எங்கே திரும்பும் என்று தெரியாது. வழியில் பார்த்த ஓர் ஆள் "அங்கே கசம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால் அது தகவல் இல்லை, அங்கே இறங்காதே என்கிற எச்சரிக்கை. அந்தச் சொல் தெரியாத வெளியூர்ப் பையன்கள் "ஓ, கசமா" என்று சிரித்துவிட்டு இறங்குகிறார்கள். மற்ற மாவட்டங்களில் மடு என்பார்கள், அதுவும் அதேதான்.

நீச்சல் தெரியும் என்ற தைரியமும் அருவி விழுகிற இடத்தில் உதவாது. அங்கே தண்ணீர் நுரைத்துக் கிடக்கும், பாதி காற்று, உடம்பைத் தூக்கிப் பிடிக்காது. விழுகிற வேகம் உங்களை அடிக்குக் கொண்டுபோய் மறுபடி அருவிக்குக் கீழேயே இழுத்து வந்து விடும். கிணற்றில் நீந்தினவருக்கு இது வேறு உலகம்.

கேள்வி: எனக்கு 58 வயது, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. கொஞ்சம் மூட்டு வலி உண்டு. காட்டில் நடந்து ஓர் அருவியைப் பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. கொல்லிமலை ஆகாய கங்கைக்குப் போகலாமா?
– வாசகி, நாமக்கல்

அம்மா, ஆசையை விடாதீர்கள், ஆகாய கங்கையை விட்டுவிடுங்கள். கோவில் மலைக்கு ஏறிப் பழகிய நாம் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம், போகும்போது கஷ்டம், வரும்போது சுலபம் என்று. அருவிக்கு அது அப்படியே தலைகீழ். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன, செங்குத்தாக, பல இடத்தில் ஈரமாக. இறங்கும்போது காற்று குளுகுளு என்று இருக்கும், அருவி அழைக்கிற சத்தம் கேட்கும், எல்லோரும் ஓடுவார்கள். இறங்குவதில்தான் மூட்டுக்கு அடி. அப்புறம் குளித்துவிட்டு, உடம்பு தளர்ந்து, பசியோடு, அத்தனை படியும் ஏற வேண்டும். பாதியில் உட்கார்ந்து அழுத வாலிபர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொல்லிமலைக்கே போங்கள், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, வாந்தி வரும் உடம்பு என்றால் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே மாசிலா அருவி, நம் அருவி இரண்டுக்கும் இவ்வளவு படி கிடையாது. மெதுவாகப் பார்த்துவிட்டு வரலாம். காட்டு நடைதான் வேண்டும் என்றால் வனத்துறைப் பாதைகளில் எளிது என்று குறித்திருப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுங்கள். கையில் ஒரு கம்பு. கம்பு பிடிக்க வெட்கப்படாதீர்கள், மாடு மேய்ப்பவர் வைத்திருப்பார், வனக்காவலர் வைத்திருப்பார், வெறுங்கையோடு வருகிறவன் நகரத்தான்.

கேள்வி: அட்டை கடித்தால் உப்பா, தீக்குச்சியா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் வேண்டாம். உப்பும் நெருப்பும் பட்டால் அது குடித்ததைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழும். நகத்தைப் பக்கவாட்டில் கொடுத்து வாயை நெம்பி எடுத்துச் சுண்டிவிடுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவி ஒரு துணியால் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்க நேரம் ஆகும், ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டு நடந்தால் பாதி வேலை முடிந்தது. புகையிலைத் தண்ணீரில் சாக்ஸை நனைத்துக் காயவைத்துப் போடுகிறவர்களும் உண்டு, பலன் இருக்கிறது, நாற்றமும் இருக்கிறது.

கேள்வி: என்ன ஷூ வாங்கலாம்? பட்ஜெட் ஐயாயிரம்.
– வாசகர், பெங்களூரு

அடியில் பிடிப்புக் கட்டைகள் தேயாமல் இருக்கிற ஏதாவது ஒன்று, ஏற்கனவே பத்து நாள் நடந்து பழகியது. புது ஷூவோடு காட்டுக்குப் போனவர் வெறுங்காலோடு திரும்புவார். மீதிப் பணத்துக்கு நல்ல ரெயின்கோட் வாங்குங்கள்.

கேள்வி: யானை வந்தால் என்ன செய்வது?
– வாசகர், சத்தியமங்கலம்

சத்தியமங்கலத்திலிருந்து இந்தக் கேள்வியா? நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்!

உங்களுக்குத் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லவில்லை, அருவிக்குப் போகிறவர்கள் கவனிக்காத ஒன்றை மட்டும் சொல்கிறேன். காட்டில் நாம் யானையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்போம், மூங்கில் ஒடியும் சத்தம், காது விசிறும் சத்தம். அதுவும் நம்மைக் கேட்டுவிட்டு, பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். அருவிக்குக் கிட்டே போகப் போக இந்த ஏற்பாடு கெட்டுவிடுகிறது. தண்ணீர்ச் சத்தத்தில் அது வருவது நமக்குத் தெரியாது, நாம் வருவது அதற்கும் தெரியாது. வளைவில் நேருக்கு நேர் நிற்போம். தண்ணீர் குடிக்க வருகிற இடமும் அதுதானே. அதனால் கடைசி ஃபர்லாங்கில்தான் வழிகாட்டி நின்று நின்று போவார், யானைச் சாணம் ஈரமாக இருக்கிறதா, ஒடித்த கிளையில் பால் வடிகிறதா என்று பார்ப்பார். அருவி தெரிந்துவிட்டதே என்று அவரை முந்திக்கொண்டு ஓடாதீர்கள். சாயங்காலம் நாலு மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று அவர் சொன்னால் நாலு மணிதான்.

கேள்வி: சரக்கு கொண்டு போகலாமா? நாங்கள் குப்பை போட மாட்டோம்.
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

வேண்டாம். முந்தி வந்தவர்களும் குப்பை போட மாட்டோம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அந்த பாட்டில் சில்லு கிழித்து என் நண்பனுக்கு ஆறு தையல். யானையின் பாதத்தையும் அது கிழிக்கும்.

கேள்வி: ஒரு அருவியை நாங்களே கண்டுபிடித்தோம். வீடியோ போட்டோம், நல்ல வரவேற்பு. இடத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?
– இரு நண்பர்கள், சேலம்

எப்படிப் போனீர்கள் என்று கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், டீக்கடையில் ஓர் அக்கா வழி சொன்னார் என்று. அப்படியென்றால் கண்டுபிடித்தது யார்? அந்த அக்காவைப் போய்க் கேளுங்கள், இன்னும் ஐந்நூறு பேர் வந்தால் பரவாயில்லையா என்று. அந்த ஊருக்குக் குடிதண்ணீர் அந்த ஓடையிலிருந்து வருகிறதா என்றும் கேளுங்கள். பல மலைக் கிராமங்களில் அருவிக்கு மேலே ஒரு குழாயைச் செருகித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள், நீங்கள் ஷாம்பு போட்டுக் குளித்தது அவர்கள் குடத்துக்குப் போயிருக்கும். அவர்களுக்கே சம்மதம் என்றால், கடை வைக்கலாம், நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்தால், தாராளமாகச் சொல்லுங்கள். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

கேள்வி: நாங்கள் நாலு பேர், பச்சைமலையில் ஓர் ஊர்க்காரரைக் கூட்டிக்கொண்டு தோட்டப் பாதை வழியாக ஓர் அருவிக்குப் போய் வந்தோம். எவ்வளவு வேண்டும் என்று கேட்டோம், "நீங்க குடுக்கிறதைக் குடுங்க" என்றார். முந்நூறு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் சரியில்லை. எவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

குடுக்கிறதைக் குடுங்க என்றால் குறைவாகக் கொடுங்கள் என்று அர்த்தம் இல்லை, வாய்விட்டுக் கேட்கக் கூச்சம் என்று அர்த்தம். கிளம்புவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும், "அண்ணே, இன்றைக்கு வேலைக்குப் போனால் என்ன கூலி?" என்று. அன்றைக்கு அவர் மரவள்ளிக் காட்டில் நின்றிருந்தால் கிடைக்கிற கூலி, அதுதான் அடிப்படை. அதற்கு மேல் உங்கள் நாலு பேரின் உயிரைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு தொகை. நாலு பேர் போனீர்கள், தலைக்கு முந்நூறு போட்டிருந்தால்கூட உங்களுக்கு அது ஒரு பிரியாணிச் செலவு. வனத்துறைப் பாதையில் வழிகாட்டிக்கான காசு கட்டணத்திலேயே போய்விடுகிறது, தனியாகப் போகும்போதுதான் இந்தச் சங்கடம்.

கடிதத்தின் கடைசியில் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் சாப்பிடும்போது அவர் தள்ளிப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார், கூப்பிட்டும் பசியில்லை என்றுவிட்டார் என்று. நாலு பேருக்கு நாலு பொட்டலம் எண்ணிக் கட்டிக்கொண்டு போயிருப்பீர்கள், அவர் எண்ணிப் பார்த்திருப்பார். முகம் சரியில்லாததற்குக் காரணம் முந்நூறு ரூபாயாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நம்பர் இருந்தால் ஒரு போன் போட்டுப் பாருங்கள். மறுபடி போகும்போது ஐந்தாகக் கட்டுங்கள்.